ஸ்விஃப்ட் காரின் பின் ஸ்பிரிங்கை வீட்டு வாசலிலேயே மாற்றலாமா?

போச்சம்பள்ளியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். 2013 மாடல் ஸ்விஃப்ட், 1,20,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மா சீசனில் பின் சீட்டை மடக்கிவிட்டு, தோட்டத்துக் காயைக் கிரேடில் அடுக்கிக் கிருஷ்ணகிரிக்குக் கொண்டு போவாராம். இப்போது காலியாக நிற்கும்போதே பின்பக்கம் உட்கார்ந்து கிடக்கிறது, அதிலும் இடது பக்கம் கூடுதலாக. பட்டறையில் ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று சொல்லி இரண்டையும் மாற்றியிருக்கிறார்கள். வண்டி ஒரு விரல்கூட ஏறவில்லை. இனி ஸ்பிரிங்கைத் தானே வீட்டில் மாற்றிக்கொள்ளலாமா, தெறித்து ஆளை அடித்துவிடும் என்று பயமுறுத்துகிறார்களே என்று கேட்கிறார்.

மாற்றலாம். உங்கள் காரின் பின்பக்க அமைப்பு அதற்குத் தோதானது. முன்பக்கம் போல ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றுக்குள் ஒன்றாக இல்லாமல், பின்னால் ஸ்பிரிங் தனியாகவும் ஷாக் தனியாகவும் நிற்கின்றன. இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் டார்ஷன் பீம் என்ற உத்தரத்துக்கும் பாடிக்கும் நடுவில் ஸ்பிரிங் சும்மா செருகி உட்கார்ந்திருக்கிறது. அதைப் பிடித்து வைக்க ஒரு போல்ட்டுகூடக் கிடையாது. பீமை முழுதாகக் கீழே இறக்கினால் கையாலேயே எடுத்துவிடலாம். தெறிக்கும் என்ற பயம், ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக இருக்கும் முன் ஸ்ட்ரட்டுக்கு முழுக்கப் பொருந்தும். அதைக் கம்ப்ரசர் கருவி போட்டு அழுத்திப் பிடிக்காமல் மேல் நட்டைக் கழற்றினால் உயிருக்கே ஆபத்து, வீட்டில் தொடவே வேண்டாம். பின் ஸ்பிரிங் வேலையில் நீங்கள் பயப்பட வேண்டியது ஜாக்குக்கும் தரைக்கும்தான். அதைப் பற்றித்தான் கீழே அதிகம் எழுதப் போகிறேன்.

முதலில் ஷாக் கதையை முடித்துவிடலாம். வண்டியின் எடையைச் சுமப்பது ஸ்பிரிங். ஷாக் அப்சார்பர் எடையைச் சுமப்பதில்லை. ஸ்பிரிங் ஒரு குழியில் அமுங்கி எழுந்தபின் தொடர்ந்து ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்கி நிறுத்துவது மட்டும்தான் அதன் வேலை. அதனால் ஷாக்கை மாற்றி வண்டி உயரவில்லை என்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பின் பம்பரை ஓங்கி அமுக்கிக் கையை எடுத்துப் பாருங்கள். ஒருமுறை எழுந்து அப்படியே நின்றால் ஷாக் நன்றாக இருக்கிறது. தொட்டில் மாதிரி இரண்டு மூன்று தரம் ஆடினால் ஷாக் போய்விட்டது. நிற்கும்போதே தாழ்ந்திருந்தால் அது ஸ்பிரிங் சம்பந்தப்பட்டது. இந்தச் சின்னச் சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது, அதைச் செய்யாமல் ஷாக்குக்குக் காசு வாங்குவதைப் பார்த்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

ஸ்பிரிங் 'வீக்' ஆகிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறோம். உள்ளே நடப்பது சற்று வேறு. இரும்பின் விறைப்பு வருடக்கணக்கில் ஓடினாலும் குறைவதில்லை. பாரம் அழுத்தி அழுத்தி ஸ்பிரிங்கின் மொத்த நீளம்தான் குறைந்துபோகிறது. 100 கிலோ ஏற்றினால் புது ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குமோ, பழையதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் அமுங்கும். ஆனால் அது தாழ்வான இடத்திலிருந்து தொடங்குவதால் பீம் பாடியில் இடிக்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரைச் சீக்கிரம் தொட்டுவிடுகிறது. வேகத்தடையில் பின்னாலிருந்து 'டம்' என்று ஒரு சத்தம் வருகிறது என்றால் அதுதான். இது புரிந்துவிட்டால், ஸ்பிரிங் சுற்றுக்கு நடுவில் ரப்பர் பஃபர் செருகிக்கொள்ளச் சொல்பவர்களுக்கும் பதில் கிடைத்துவிடும். பஃபர் ஒரு சுற்றை வேலை செய்யவிடாமல் கட்டிப்போட்டு வண்டியைத் தூக்கிக் காட்டுகிறது. அந்தச் சுற்று செய்ய வேண்டிய வேலையும் மீதிச் சுற்றுகளின் தலையில் விழும். தளர்ந்து துருப்பிடித்த ஸ்பிரிங்கில் அது உடைவுக்கு வழி. பழைய ஸ்பிரிங்கைச் சூடேற்றி இழுத்து நீட்டித் தருகிறேன் என்பவரிடமும் போக வேண்டாம். ஸ்பிரிங் இரும்புக்குத் துவைச்சல் (டெம்பர்) ஏற்றியிருப்பது கணக்கான சூட்டில். அடுப்பில் வைத்துச் சிவக்கவிட்டால் அது போய்விடும், ஒரு மாதத்தில் முன்னைவிடத் தாழ உட்காரும்.

சரி, அளந்து பாருங்கள். சமமான சிமென்ட் தரை வேண்டும். வீட்டில் இல்லையென்றால் காற்றுப் பிடிக்கும் இடத்திலோ மண்டபத்து வாசலிலோ நிறுத்தலாம். சக்கரத்தின் நடுமையத்திலிருந்து நேர் மேலே பாடி வளைவின் விளிம்பு வரை டேப் பிடியுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர்க் காற்று கணக்கைக் கெடுத்துவிடும், மையத்திலிருந்து அளந்தால் அந்தத் தொல்லை இல்லை. நான்கு சக்கரத்தையும் அளந்து எழுதி வையுங்கள். இடதுக்கும் வலதுக்கும் 1 செ.மீ.க்குள் வித்தியாசம் இருந்தால் நான் பொருட்படுத்த மாட்டேன். 2 செ.மீ. தாண்டினால் அது வெறும் தளர்வு இல்லை, அந்தப் பக்கம் ஸ்பிரிங் உடைந்திருக்கும் என்றே எடுத்துக்கொண்டு தேடுவேன்.

உடைவு பெரும்பாலும் அடிச்சுற்றில்தான் இருக்கும். பீமில் ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்தில் நம் ஊர்ச் செம்மண்ணும் தண்ணீரும் சேர்ந்து தேங்குகின்றன. ரப்பரோடு உரசி உரசிப் பெயிண்ட் போனபிறகு அங்கே துரு புள்ளி புள்ளியாகக் குழி போடுகிறது. ஒவ்வொரு முறை அமுங்கும்போதும் அந்தக் குழியிலிருந்து விரிசல் ஒரு மயிரிழை நகர்கிறது. ஒருநாள் காலையில் வண்டியை எடுக்கும்போது 'டிங்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கடைசி முக்கால் சுற்று தனியாகக் கிண்ணத்துக்குள் கிடக்கும், மேலே உள்ள ஸ்பிரிங் அதன்மேல் ஏறி நிற்கும், வெளியிலிருந்து பார்த்தால் முழுசாக இருப்பது போலவே தெரியும். என் மச்சான் வண்டியில் நானே இரண்டு முறை டார்ச் அடித்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். மூன்றாவது முறை முகம் பார்க்கும் கண்ணாடியைக் கீழே பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. உடைந்த முகத்தில் முக்கால் பங்கு கறுப்பாகத் துரு ஏறியிருந்தது, கால் பங்கு மட்டும் வெள்ளி மாதிரி மின்னியது. கறுப்பாக இருந்தது எப்போதோ விட்ட விரிசல். மின்னியது கடைசியாகப் படீரென்று ஒடிந்த இடம்.

புது ஸ்பிரிங்கை எப்போதும் ஜோடியாக வாங்குங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி மறுபக்கம் சாயும். கடையில் 'ஸ்விஃப்ட் பின் ஸ்பிரிங்' என்று மட்டும் சொல்லாமல் சேஸிஸ் எண்ணைக் கொடுத்துப் பார்ட் எண்ணை ஒத்துப் பாருங்கள். பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், ஆனால் கம்பியின் தடிமனில் ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் பெரிய வித்தியாசம் வரும். விறைப்பு, கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறும். 10 மி.மீ. கம்பி 11 மி.மீ. ஆனால், மற்றதெல்லாம் அப்படியே இருக்க, விறைப்பு சுமார் 46 சதவீதம் கூடிவிடுகிறது. கூடவே மேல் கீழ் ரப்பர் இருக்கைகளையும் வாங்கிவிடுங்கள். பழைய ரப்பர் நசுங்கித் தகடாகியிருக்கும்.

கருவிகளில் காரோடு வந்த கத்தரி ஜாக் இதற்கு உதவாது, அது பஞ்சருக்கு மட்டும். 2 டன் ஹைட்ராலிக் டிராலி ஜாக் ஒன்று, தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் ஜாக் ஸ்டாண்டு இரண்டு, வீல் ஸ்பேனர், 14, 17, 19 நம்பர் சாக்கெட், அதைத் திருப்ப நீளமான டாமி கம்பி, துரு இளக்கும் ஸ்பிரே, சொன்ன அளவுக்கு மட்டும் முறுக்க உதவும் டார்க் ரென்ச். ஜாக்கையும் ஸ்டாண்டையும் தெரிந்த பட்டறையில் ஒருநாளுக்குக் கேட்டு வாங்கலாம். ஸ்டாண்டு கிடைக்கவில்லை என்றால் அன்றைக்கு வேலை வேண்டாம். அடுக்கிய செங்கல், ஹாலோ பிளாக், சைஸ் கல் எதையும் வண்டிக்கு முட்டுக் கொடுக்காதீர்கள். செங்கல் எச்சரிக்காமல் நொறுங்கும்.

இனி தரை. நம் பக்கத்து வீடுகளில் பாதிக்கு வாசல் மண்தரைதான். டிராலி ஜாக்கின் கை நேராக ஏறுவதில்லை, வட்டமாக வளைந்து ஏறும். அதற்கு ஈடாக ஜாக் தன் சக்கரத்தில் கொஞ்சம் உருண்டாக வேண்டும். மண்ணில் சக்கரம் புதைந்துவிட்டால் ஜாக் உருளாது, அப்போது வண்டியைப் பக்கவாட்டில் இழுக்கும். அதனால் ஜாக்குக்கு அடியில் முக்கால் அங்குல ஒட்டுப்பலகையை நீளவாட்டில் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்டாண்டுக்கு அடியிலும் அகலமான மரப்பலகை வேண்டும்.

இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டு வாசலில் பாலிஷ் போட்ட கிரானைட் துண்டுகள் கிடந்தன. இந்த மாவட்டத்தில் அது இல்லாத வீடு குறைவு. துணி துவைக்க, படிக்கட்டுக்கு என்று எல்லோரும் எடுத்து வருவோம். மரத்தைவிடக் கல் கெட்டி என்று நினைத்து, இடது ஸ்டாண்டுக்கு அடியில் அதில் ஒன்றைப் போட்டேன். முந்தின நாள் மழை பெய்திருந்தது. ஷாக் போல்ட் இளகாமல் டாமியை இழுத்தபோது கல்லின் ஒரு ஓரம் மண்ணில் இறங்கியது, ஸ்டாண்டின் கால்கள் அந்த வழவழப்பில் சறுக்கின. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கியது. கழற்றிய சக்கரத்தைப் பாடிக்கு அடியில் படுக்கப் போட்டு வைத்திருந்தேன், கதவுக்கு அடியில் ஓடும் பாடி விளிம்பான 'சில்' போய் அந்த டயரில் உட்கார்ந்தது. என் கை அப்போது பீமுக்கும் பாடிக்கும் நடுவில் இருந்தது. டயர் பிடித்த உயரத்தில் கைக்கு இடம் மிச்சம் இருந்ததால் இன்று இதைத் தட்டச்சு செய்கிறேன். மரத்தைப் பயன்படுத்துங்கள், கிரானைட் வேண்டவே வேண்டாம். சக்கரத்தைக் கழற்றிய உடனே வண்டிக்கு அடியில் தள்ளிவிடுங்கள். இந்த இரண்டையும் எந்த அவசரத்திலும் விடாதீர்கள்.

இன்னொன்றைப் பலரும் மறக்கிறார்கள். ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரங்களை. அவற்றைத் தூக்கிவிட்டால் ஹேண்ட் பிரேக் போட்டும் பயனில்லை. உங்கள் வண்டிக்கு எஞ்சின் இழுவை முன் சக்கரத்தில் இருப்பதால், முதல் கியரில் விட்டு, இரண்டு முன் சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். வண்டி கொஞ்சமும் சரிவில் நிற்கக் கூடாது.

முந்தின நாள் மாலையே ஷாக்கின் கீழ் போல்ட்டுகளுக்கு ஸ்பிரே அடித்து ஊறவிடுங்கள். உங்களுக்கு இப்போதுதான் ஷாக் மாற்றியிருப்பதால் அது சுலபமாகவே வரும். காலையில் சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளை அரைச் சுற்று இளக்கிவிடுங்கள். அப்புறம் ஜாக்கைப் பீமில் ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்துக்கு அடியில் கொடுத்து ஒரு பக்கம் தூக்குங்கள். அந்த இடம் எப்போதும் வண்டியின் எடையைச் சுமந்துகொண்டிருக்கும் இடம், அதனால் தாங்கும். பீமின் நடுப்பகுதி மெல்லிசான தகடு, அங்கே ஜாக் வைத்தால் வளையும். பாடி போதுமான அளவு உயர்ந்ததும், சில் ஓரத்தில் இரண்டு வெட்டுக் குறிகளுக்கு நடுவே உள்ள பலமான இடத்தில் ஸ்டாண்டைக் கொடுத்து, ஜாக்கை மெதுவாக இறக்கி ஸ்டாண்டில் உட்காரவிடுங்கள். மறுபக்கமும் அப்படியே. இரண்டு ஸ்டாண்டிலும் நின்றபிறகு பாடியைக் கையால் நன்றாக ஆட்டிப் பாருங்கள். ஆடி விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியே நிற்கும்போதே விழட்டும்.

சக்கரங்களைக் கழற்றி அடியில் தள்ளியாயிற்று. இப்போது பீம் தொங்குகிறது, ஆனால் முழுதாகத் தொங்கவில்லை. இதுதான் இந்த வேலையில் புரிந்துகொள்ள வேண்டிய இடம். ஷாக் தன் முழு நீளத்துக்கு இழுபட்டு நின்று, பீமை அதற்குமேல் இறங்கவிடாமல் பிடித்திருக்கிறது. ஸ்பிரிங் இன்னமும் சற்று அமுங்கிய நிலையில்தான் இருக்கிறது. ஸ்பிரிங்கில் மிச்சம் உள்ள விசை முழுவதும் ஷாக்கின் அந்த ஒரு கீழ் போல்ட்டில் நிற்கிறது. அடியில் ஜாக் இல்லாமல் அதைத் தட்டி எடுத்தால் பீம் 'தொப்'பென்று விழும், பிரேக் ஹோஸ் பிய்யும். எனவே மறுபடியும் கிண்ணத்துக்கு அடியில் ஜாக்கைக் கொடுத்துக் கொஞ்சம் ஏற்றுங்கள். போல்ட்டைக் கழற்றும்போது கையால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். சுத்தியல் கேட்கிறது என்றால் ஜாக் உயரம் சரியில்லை, ஒரு மில்லிமீட்டர் ஏற்றியோ இறக்கியோ பாருங்கள்.

ஒரு பக்க போல்ட்டை மட்டும் எடுத்துவிட்டு ஸ்பிரிங்கை நெம்ப நினைக்காதீர்கள். இரண்டு சக்கரங்களும் ஒரே பீமில் இருப்பதால் மறுபக்க ஷாக் அதை இறங்கவிடாது. இரண்டு பக்க ஷாக்கையும் விடுவித்தபின் ஜாக்கை நூலளவாக இறக்குங்கள். இறக்கும்போது கண் ஸ்பிரிங்கில் வேண்டாம், பிரேக் ஹோஸில் இருக்கட்டும். ஏபிஎஸ் உள்ள வண்டியென்றால் அதன் ஒயரையும், ஹேண்ட் பிரேக் கேபிளையும் பாருங்கள். அவற்றைப் பிடித்திருக்கும் கிளிப்பை முன்பே எடுத்துவிட்டால் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைக்கும். ஹோஸ் விறைக்க ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள். பெரும்பாலும் அதற்கு முன்பே ஸ்பிரிங் தளர்ந்து லேசாக ஆடத் தொடங்கிவிடும், சற்றுச் சாய்த்து இழுத்தால் வந்துவிடும். முகத்தை எதிரில் வைக்காமல் பக்கத்திலிருந்து இழுங்கள்.

எடுத்த உடனே பழையதையும் புதியதையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். எது மேல், எது கீழ் என்பது முனை வெட்டிலும் சுற்று நெருக்கத்திலும் தெரியும். கிண்ணத்தில் உள்ள மண்ணைச் சுரண்டி, கம்பிப் பிரஷ் போட்டு, துரு தடுக்கும் பெயிண்ட் ஒரு பூச்சு கொடுத்துக் காயவிடுங்கள். தண்ணீர் வடிவதற்கு அடியில் ஒரு ஓட்டை இருக்கும், அது அடைந்திருந்தால் குத்தி எடுங்கள். அடைந்த ஓட்டைதான் பழைய ஸ்பிரிங் உடைந்ததற்கே காரணமாக இருக்கலாம். புது ஸ்பிரிங்கை வைக்கும்போது அதன் கீழ் முனை ரப்பரில் உள்ள படியில் போய் முட்டி நிற்க வேண்டும். முட்டாமல் விட்டால் ஓட்டத்தில் அது திரும்பி, வேகத்தடையில் 'டங்' என்று கேட்கும், நீங்கள் திரும்ப எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருக்கும். பெயிண்ட்டில் கீறல் விழாமல் கையாளுங்கள், கீறல் விழுந்தால் உடனே அதன்மேல் பெயிண்ட் தொட்டுவிடுங்கள்.

பீமை ஜாக்கால் ஏற்றி ஷாக் போல்ட்டுகளைச் செருகுங்கள், ஆனால் இப்போதே முறுக்காதீர்கள். நல்ல மெக்கானிக்குகளே அவசரத்தில் இங்கேதான் தவறுகிறார்கள். ஷாக்கின் கீழ்க் கண்ணில் ஒரு ரப்பர் புஷ் இருக்கிறது. சக்கரம் தொங்கும்போது முறுக்கினால் புஷ் அந்தக் கோணத்தில் பிடித்துக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சில மாதத்தில் கிழிந்துவிடும். சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, பின்பக்கத்தை நாலைந்து தரம் அமுக்கி விட்டு, வண்டி தன் நிலைக்கு வந்தபிறகு படுத்துக்கொண்டு டார்க் ரென்ச்சால் மேனுவலில் உள்ள அளவுக்கு முறுக்குங்கள். உங்கள் புது ஷாக்கைத் தொங்கவிட்டு முறுக்கியிருந்தால், இந்தச் சாக்கில் அதுவும் சரியாகிவிடும். வீல் நட்டுகளை எதிரெதிராக முறுக்குவது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

பழைய ஸ்பிரிங்கை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த அரிவாள் ஏன் கூர் நிற்கிறதோ, அதே காரணத்தால் இந்தக் கம்பியிலும் நல்ல உளி வரும். கொல்லர் பட்டறையில் கொடுத்தால் சந்தோஷமாக அடித்துத் தருவார்கள்.

இனி மாங்காய். இந்த அளவுக் கார்கள் ஆளும் சாமானும் சேர்த்துச் சுமக்கக் கூடியது ஏறக்குறைய 400 முதல் 450 கிலோ. 25 கிலோ கிரேடு 15 ஏற்றினால் 375 கிலோ, நீங்களும் இன்னொருவரும் ஏறினால் 500ஐத் தாண்டிவிடும். அதிலும் காரில் ஐந்து பேர் உட்கார்ந்தால் எடை முன்னும் பின்னும் பிரியும், கிரேடு அடுக்கினால் ஏறக்குறைய எல்லாமே பின் ஸ்பிரிங்கின் தலையில்தான். பின்னால் அமுங்கும்போது முன்னால் லைட் வானத்தைப் பார்க்கும், எதிரில் வருபவர் கண் கூசும். இந்தப் பாரத்தோடு இரவில் தொப்பூர்க் கணவாயில் இறங்கிச் சேலம் பக்கம் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், நீங்கள் அதைச் செய்ய வேண்டாம். கொஞ்சம் விறைப்பான ஸ்பிரிங் போட்டால் தீருமா என்றால், ஸ்பிரிங் தாங்கும், ஆனால் டயரும் பேரிங்கும் பிரேக்கும் பழைய அளவுக்குத்தானே செய்தவை? செந்தூராவும் தோத்தாபுரியும் ஒருசேர இறங்கும் வாரங்களில் ஒரு குட்டியானையை வாடகைக்குப் பிடியுங்கள். காரில் ஏற்றியே ஆக வேண்டும் என்றால் எட்டு கிரேடோடு நிறுத்தி, அவற்றையும் முன் சீட்டை ஒட்டி அடுக்குங்கள்.

வேலை முடிந்த அன்று மறுபடியும் நான்கு சக்கரத்தையும் அளந்து, முன் எழுதியதற்குப் பக்கத்தில் எழுதுங்கள். புது ஸ்பிரிங் முதல் சில நாட்களில் சில மில்லிமீட்டர் உட்காரும், அதற்குக் கவலை வேண்டாம். 100 கிலோமீட்டர் ஓடியபின் ஷாக் போல்ட்டையும் வீல் நட்டையும் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். பின்பக்கம் உயர்ந்ததால் ஹெட்லைட் முன்னைவிடத் தாழ அடிக்கும், இரவில் ஒரு சுவருக்கு எதிரில் நிறுத்திச் சரிசெய்துகொள்ளுங்கள். இடது பக்கக் கிண்ணத்தில் உடைந்த துண்டு கிடந்ததா, அளவு எவ்வளவு வந்தது என்று எழுதுங்கள். அளவு இன்னமும் 1 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் காட்டினால் ஸ்பிரிங்கை விட்டுவிட்டு, பீமைப் பாடியோடு பிடித்திருக்கும் முன் புஷ்களைப் பார்க்க வேண்டியிருக்கும். அதை அப்போது விளக்கமாகச் சொல்கிறேன்.